வேலைக்குப் போகும் சைக்கிள்: வாங்கும்போதும் பொருத்தும்போதும் கவனிக்க வேண்டியவை



நம் டிரஸ்டுக்கு உதவி கேட்டு வருகிற மனுக்களில் கல்வி, மருத்துவம் இரண்டுக்கும் அடுத்தபடியாக ‘வேலைக்குப் போய்வர ஒரு வண்டி வேண்டும்’ என்ற கோரிக்கை அடிக்கடி வருகிறது. சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்க்கும் பிள்ளைகள், திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் கடை வேலை செய்பவர்கள், தையலுக்கும் வீட்டு வேலைக்கும் போகும் சகோதரிகள் எல்லோருக்கும் சிரமம் ஒன்றுதான். பஸ் வேலை நேரத்துக்கு வருவதில்லை. ஷேர் ஆட்டோவுக்குத் தினமும் கொடுத்தால் சம்பளத்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விடுகிறது. கடைசியில் பலர் தவணையில் மோட்டார் சைக்கிள் எடுத்து, வட்டியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

வேலை இடம் ஐந்து முதல் பத்து கிலோமீட்டருக்குள் இருந்தால் சைக்கிள் போதும் என்பது எங்கள் கருத்து. சாதாரண உடல்நலம் உள்ளவர் மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கலாம். எட்டு கிலோமீட்டர் தூரத்தை 35 அல்லது 40 நிமிடத்தில் கடந்துவிடலாம். ஆனால் தெருவில் ஓட்டும் சைக்கிள் வேறு, தினமும் இருட்டிலும் மழையிலும் லாரிகளுக்கு நடுவிலும் வேலைக்குப் போகும் சைக்கிள் வேறு. அந்த வேறுபாட்டை விளக்கத்தான் இக்கட்டுரை. சுருக்கமாகச் சொன்னால், கையில் இருக்கும் பணத்தை முதலில் பிரேக்குக்கும் விளக்குக்கும் செலவிடுங்கள். கியருக்கும் பெயிண்டுக்கும் பிறகு பார்க்கலாம்.

வீட்டிலேயே ஒரு சைக்கிள் இருக்கிறதா?

புதிதாக வாங்கும் முன் வீட்டுச் சுவரோரம் ஒருமுறை பாருங்கள். தமிழக அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கப்பட்டது. 2005-06 முதல் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவ மாணவியர் எல்லாப் பிரிவினருக்கும் விரிவாக்கப்பட்டது. நம் பிள்ளைகளும் பதினோராம் வகுப்பில் இதைப் பெறுகிறார்கள். பிளஸ் டூ முடிந்ததும் அந்தச் சைக்கிள் பல வீடுகளில் காற்றிறங்கி, துருவேறி, துணி காயப்போடும் கம்பமாக நிற்கிறது.

ஃபிரேம் வளையாமல், விரிசல் இல்லாமல் இருந்தால் அதை மீட்டுவிடலாம். இரண்டு டயர், இரண்டு ட்யூப், பிரேக் கட்டைகள், ஒயர், செயின் ஆகியவற்றை மாற்றி, சக்கரத்துக்குப் பெண்டு எடுத்து, ஒருமுறை ஓவராயில் செய்தால் அண்ணனோ தகப்பனாரோ அதிலேயே வேலைக்குப் போகலாம். புதுச் சைக்கிளின் விலையை நினைத்தால் இந்தச் செலவு சிறியது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியதை நாம் மறந்திருக்க மாட்டோம். அதுபோன்ற வெள்ளத்தில் மூழ்கி எழுந்த சைக்கிளை வெளியில் துடைத்து எண்ணெய் விட்டால் மட்டும் போதாது. இரண்டு சக்கரத்தின் ஆக்சிலையும், பெடல் கிராங்க் சுற்றும் இடத்தையும், ஹேண்டில் பார் திரும்பும் இடத்தையும் பிரித்து, பால்ரஸ்ஸைக் கழுவிப் புதுக் கிரீஸ் வைக்க வேண்டும். உள்ளே தங்கிய சேறு வெளியே தெரியாமலேயே குண்டுகளைத் தின்றுவிடும்.

பணக் கணக்கு

தினமும் போகவர 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் மோட்டார் சைக்கிளுக்கு மாதம் 25 நாளில் 10 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்று பார்த்தாலும் மாதம் ஆயிரம் ரூபாய். இதற்கு மேல் இன்சூரன்ஸ், ஆயில், சர்வீஸ், தவணை, அந்தத் தவணைக்குள் ஒளிந்திருக்கும் வட்டி. சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம். வட்டி இல்லாமல் கைப்பணத்தில் வாங்க முடிகிற வாகனம் ஏழைக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை விளக்கத் தேவையில்லை.

புதிதாக வாங்குவதானால்

கடையில் இன்று இளைஞர்களின் கண்ணைக் கவர்வது பருமனான டயரும், ஸ்பிரிங் வைத்த ஃபோர்க்கும், 18 அல்லது 21 கியரும் உள்ள சைக்கிள்கள். இவற்றில் பலவற்றில் மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, செயின் கவர் இல்லை. எல்லாவற்றையும் பிறகு தனித்தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். விலை குறைந்த ஸ்பிரிங் ஃபோர்க் எடையைக் கூட்டி, மிதிக்கும் பலத்தில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். நம் வட்டாரம் பெரும்பாலும் சமதளம். ஆங்காங்கே மேடு உண்டே தவிர மலையேற்றம் கிடையாது. ஆகவே ஒரே பல்சக்கரம் உள்ள சாதாரண சைக்கிளே போதுமானது. அது பழுதானால் எந்த ஊர்க் கடையிலும் பார்த்துவிடலாம். கியரும் டிஸ்க் பிரேக்கும் கெட்டால் அதற்குத் தெரிந்த மெக்கானிக்கைத் தேட வேண்டியிருக்கும்.

உலகிலேயே சைக்கிள் அதிகம் ஓடும் நாடுகளில் ஒன்றான நெதர்லாந்தில் மக்கள் வேலைக்கும் பள்ளிக்கும் ஓட்டுவது நம் பாட்டனார் காலத்துச் சைக்கிளைப் போன்றதுதான். நிமிர்ந்து உட்காரும் சீட்டு, முழுச் செயின் கவர், மட்கார்டு, கேரியர், விளக்கு, மணி எல்லாம் சேர்ந்தே இருக்கும். ஜப்பானில் தாய்மார்கள் ஓட்டும் சைக்கிளும் முன்கூடையோடு இதே அமைப்புடையதே. அன்றாட வேலைக்கு எது உதவும் என்பதை அனுபவம்தான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

மூட்டுவலி உள்ளவர்கள் பேட்டரி சைக்கிளைப் பற்றியும் கேட்கிறார்கள். மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் கீழே இருந்தால் அதற்குப் பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. ஆனால் விலை அதிகம். சில ஆண்டுகளில் பேட்டரி மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டு முடிவெடுங்கள்.

பழைய சைக்கிள் வாங்குபவர்கள் பில்லைக் கேட்டு வாங்குங்கள். பில் இல்லையென்றால் விற்பவர் யார், எவ்விடத்தவர் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, சந்தேகம் இருந்தும் விசாரிக்காமலோ விலை மலிவுக்காக வாங்குவது நமக்கு ஆகுமானதல்ல. ஃபிரேமில் அடித்திருக்கும் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சைக்கிள் தொலைந்தால் அந்த எண்தான் சாட்சி.

அளவு சரியாக இருக்கட்டும்

‘வளரும் பிள்ளைதானே’ என்று பெரிய சைக்கிளை வாங்கிக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். கால் தரையில் எட்டாத சைக்கிளில் பிள்ளை சட்டென்று நிற்க முடியாது, சாய்ந்து விழும். சைக்கிளைக் காலிடையில் வைத்து நின்றால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். குறுக்குத் தண்டுக்கும் உடலுக்கும் இடையில் இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும்.

சீட்டின் உயரத்துக்கு ஒரு எளிய வழி உண்டு. சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். அப்போது கால் நேராக நீண்டிருந்தால் உயரம் சரி. முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். வேலைக்குப் போகும் பலர் சீட்டை மிகவும் தாழ்த்தி வைத்து ஓட்டுகிறார்கள். ‘சைக்கிள் ஓட்டினால் முழங்கால் வலிக்கிறது’ என்ற புகார் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. ஒரு ஸ்பேனர் இருந்தால் ஐந்து நிமிடத்தில் தீரும் வலி அது.

பிரேக்

இரண்டு பிரேக்கும் வேலை செய்ய வேண்டும். ஒன்று போதும் என்ற பேச்சே கூடாது. இரும்பு ரிம் மழையில் நனைந்தால் ரப்பர் கட்டை வழுக்கும். நிற்கும் தூரம் பல மடங்கு கூடிவிடும். அலுமினிய ரிம்மில் இந்தக் குறை வெகுவாகக் குறைவு. புதிதாக வாங்குபவர்கள் இதைக் கேட்டு வாங்கலாம். இரும்பு ரிம் உள்ளவர்கள் மழையில் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, நிற்க வேண்டிய இடத்துக்கு வெகுமுன்பே பிரேக்கை லேசாகப் பிடித்து ரிம்மில் உள்ள தண்ணீரைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

பிரேக் கட்டையில் உள்ள வரிகள் தேய்ந்து மறைந்துவிட்டால் உடனே மாற்றுங்கள். லீவரை இறுக்கினால் அது ஹேண்டில் பாரைத் தொடக்கூடாது. ஒயரில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் அது அறுந்து போகும் நாளுக்குக் காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.

விளக்கு

ஃபஜ்ருத் தொழுதுவிட்டுக் காலை ஷிப்டுக்குப் போகிறவரும், இரவு ஷிப்டு முடிந்து வருகிறவரும் இருட்டில்தான் பயணிக்கிறார்கள். திருவக்கரைப் பக்கத்துக் கல்குவாரிகளுக்கு ஓடும் டிப்பர் லாரிகளும் அந்த நேரத்தில் ஓடுகின்றன. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் கடக்கிறது. டிரைவர் உங்களைப் பார்த்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே அத்தனை தூரம் போய்விடும். ஆகவே அவர் உங்களை வெகுதூரத்திலேயே பார்த்தாக வேண்டும்.

முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. இதில் பின்விளக்கை முதலில் வாங்குங்கள். உங்களுக்குத் தெரியாமல் வருவது பின்னாலிருந்து வரும் வண்டிதான். டயரில் உரசி எரியும் பழைய டைனமோ, சைக்கிள் நின்றவுடன் அணைந்துவிடும். சாலையைக் கடக்கக் காத்து நிற்கும்போது நீங்கள் இருட்டில் நிற்பீர்கள். எனவே பேட்டரியில் எரியும் அல்லது செல்போன் போல் சார்ஜ் செய்யும் எல்.இ.டி. விளக்கு நல்லது. செல்போன் டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவதை விளக்கு என்று சொல்ல முடியாது.

விளக்கோடு ரிஃப்ளெக்டரும் வேண்டும். பின்மட்கார்டில் சிவப்பு, பெடலில் மஞ்சள், சக்கரக் கம்பிகளில் ஒன்று. பெடல் ரிஃப்ளெக்டர் மேலும் கீழும் அசைவதால் ‘இது சைக்கிள்’ என்று டிரைவருக்கு உடனே விளங்கிவிடும்.

உடையும் சக்கரமும்

கைலி, புர்கா, துப்பட்டா மூன்றும் சக்கரத்திலோ செயினிலோ சிக்கினால் நொடியில் ஆளைக் கீழே இழுத்துவிடும். இதற்காக உடையை விட வேண்டியதில்லை; சைக்கிளைத்தான் அதற்கேற்ப அமைக்க வேண்டும். செயினை முழுவதும் மூடும் கவர் போடுங்கள். பின்சக்கரத்தின் இரு பக்கமும் சேலை கார்டு அல்லது வலை பொருத்துங்கள். குறுக்குத் தண்டு தாழ்ந்த லேடீஸ் ஃபிரேம் ஏறி இறங்க எளிது. துப்பட்டாவின் முனைகளைப் பின்னால் தொங்கவிடாமல் உள்ளே செருகிப் பின் குத்திக்கொள்ள வேண்டும். பின்னால் உட்கார்ந்து வருபவருக்கும் இதே கவனம் வேண்டும்.

கறுப்பு புர்கா இருட்டில் கண்ணுக்கே தெரியாது. ரோட்டு வேலை செய்பவர்கள் அணியும் ஒளிரும் பட்டை வைத்த கையில்லாச் சட்டை ஒன்றை மேலே போட்டுக்கொண்டால் விளக்கு வெளிச்சம் பட்டதும் தூரத்திலேயே பளிச்சிடும். ஆண்களுக்கும் இது பொருந்தும்.

ஹெல்மெட் சைக்கிளுக்குச் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் அணிவதே அறிவுடைமை. மெல்லிய தொழுகைத் தொப்பி அதனடியில் அடங்கிவிடும்.

பூட்டு, கேரியர், டயர்

பின்சக்கரத்துப் பூட்டு மட்டும் இருந்தால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். சங்கிலிப் பூட்டால் ஃபிரேமையும் சக்கரத்தையும் ஒரு கம்பத்தோடு சேர்த்துப் பூட்டுங்கள். சாப்பாட்டுத் தூக்கையும் பையையும் ஹேண்டில் பாரில் மாட்டாதீர்கள். திருப்பும்போது ஆடும், முன்சக்கரத்தில் சிக்கவும் செய்யும். அதற்குத்தான் கேரியரும் கூடையும்.

ஏரிக்கரை வழியாகப் போகிறவர்களுக்குச் சீமைக் கருவேல முள் பெரிய தொல்லை. டயர் வழுக்கையாகத் தேயும் வரை ஓட்டாமல் மாற்றினால் பஞ்சர் குறையும். எவ்வளவு காற்று வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும். காற்றுக் குறைந்த டயர் மிதிப்பவரைக் களைப்பாக்கும். பள்ளத்தில் இறங்கும்போது ரிம் மோதி ட்யூப் கிழியும். ஒரு பம்ப் வீட்டில் இருக்கட்டும்.

சாலையில்

திண்டிவனம்–புதுச்சேரி நான்குவழிச் சாலையில் சென்டர் மீடியன் திறப்பு தூரத்தில் இருக்கிறதென்று எதிர்த்திசையில் சைக்கிள் ஓட்டுவதைப் பார்க்கிறோம். வேகமாக வரும் வண்டி உங்களை அங்கே எதிர்பார்ப்பதில்லை. எதிர்ப்பக்கம் போயே தீர வேண்டுமென்றால் இறங்கி, சாலையை விட்டு மண் ஓரத்தில் தள்ளிக்கொண்டு போங்கள்.

லாரியின் இடப்பக்கம் ஒட்டி நிற்காதீர்கள். டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் அந்த இடம் அவர் கண்ணுக்குத் தெரியாது. அவர் இடப்பக்கம் திரும்பினால் பின்சக்கரம் உள்வாங்கி வந்து உங்களை அடைத்துவிடும். அவருக்குப் பின்னால் நின்று, அவர் போன பிறகு போங்கள். காதில் இயர்போன் வேண்டவே வேண்டாம்.

வாரம் பத்து நிமிடம்

நம் செம்மண் புழுதி எண்ணெயோடு சேர்ந்தால் உப்புத்தாள் போல் செயினைத் தேய்க்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் குளித்துத் தயாராகும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். செயினைப் பழந்துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெயைச் சில சொட்டு விட்டு, மிகுதியைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்து மண்ணை இழுக்கும், அதைத் தவிர்க்கவும். பிரேக், காற்று, விளக்கு மூன்றையும் சோதியுங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்து, ஆட்டம் இருந்தால் கடையில் காட்டுங்கள். எண்ணெய் ரிம்மில் படக்கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

நம் பெண்பிள்ளைகளுக்கு

சில பெற்றோருக்குப் பெண்பிள்ளைகள் சைக்கிளில் போவதில் தயக்கம் இருக்கிறது. அவர்களுக்கு நம் மாநிலத்திலேயே நடந்த ஒன்றை நினைவூட்டுகிறோம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், கிராமச் செவிலியர்கள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள். அவர்களில் முஸ்லிம் பெண்களும் உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். அதன் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் சிலர் அதையே விரும்பினார்கள்.

பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வழங்கும் திட்டம் வந்தது. அதை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் இருவரும், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு சுமார் 30 சதவீதம் உயர்ந்ததாகக் கண்டார்கள். பள்ளி தூரமாக இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். தூரத்தால் படிப்பை நிறுத்தும் நிலை நம் வீட்டுப் பிள்ளைக்கு வரவேண்டாம். இரண்டு மூன்று மாணவிகள் சேர்ந்து போனால் பெற்றோருக்கும் மன அமைதி.

ஜகாத்தும் சைக்கிளும்

ஜகாத் பணத்தில் சைக்கிள் வாங்கிக் கொடுக்கலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். பெறுபவர் ஜகாத்துக்கு உரியவராக இருந்தால் கொடுக்கலாம். ஆனால் ஹனஃபி மத்ஹபின்படி அதை அவருக்கே சொந்தமாக்கிக் கொடுக்க வேண்டும். டிரஸ்டின் பெயரில் வைத்துக்கொண்டு இரவல் தருவது ஜகாத் ஆகாது. அதற்கு ஸதகா நிதியைத்தான் பயன்படுத்த வேண்டும். சந்தேகம் உள்ளவர்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறவும். சைக்கிள் வாங்கித் தரும் நல்லுள்ளங்களுக்கு எங்கள் வேண்டுகோள்: விளக்கும் பூட்டும் செயின் கவரும் சேர்த்தே கொடுங்கள். அவை இல்லாமல் கொடுத்தால், பெறுகிற ஏழை அவற்றைத் தானாக வாங்குவது பெரும்பாலும் நடப்பதில்லை.

மழைக்காலம் தொடங்கும் முன் பள்ளிவாசல் வளாகத்தில் ஒருநாள் மெக்கானிக்கை வைத்து, வருகிற சைக்கிள்களின் பிரேக்கையும் சக்கரத்தையும் இலவசமாகப் பார்த்துக் கொடுக்க ஏற்பாடு செய்கிறோம். இருட்டில் வேலைக்குப் போகும் ஏழைகளுக்கு ஸதகா நிதியிலிருந்து பின்விளக்கும் வழங்கப்படும், இன்ஷா அல்லாஹ். தேதி ஜும்ஆவில் அறிவிக்கப்படும். வீட்டில் சும்மா நிற்கும் சைக்கிளைக் கொடுக்க விரும்புபவர்கள் அன்று கொண்டுவந்து ஒப்படைக்கலாம். சரிசெய்து தேவையுள்ளவருக்குச் சேர்ப்பது எங்கள் பொறுப்பு.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை நாம் அறிவோம். வீட்டிலிருந்து புறப்படும்போது துஆ ஓதுங்கள். அதோடு பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள், விளக்கைப் போடுங்கள். உழைத்துவிட்டு இரவில் திரும்புகிற ஒவ்வொருவரையும் அல்லாஹ் பத்திரமாக வீடு சேர்ப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்